ரெண்டுதடவை அக்காவும் பெரிய கார்டும்

அக்காவோடு மெமரி கார்டு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இன்னொரு தடவை கூப்பிட்டால் வர மாட்டார்கள். நான் பதினோரு தடவை போயிருக்கிறேன். எனக்கு வேறு வழி கிடையாது. எங்கள் வேலையில் அவள் படம் எடுக்கிறவள், நான் பக்கம் புரட்டுகிறவள். படம் எடுக்கிறவள் கடையில் நின்றால் பக்கம் புரட்டுகிறவள் வேறு எங்கே போய் நிற்பது?

கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே "போச்சுடா" என்பார். முணுமுணுக்கக்கூட மாட்டார், வாய்விட்டே சொல்வார். அக்கா அதைக் காதில் வாங்க மாட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிற கார்டுகளில் ஒன்றைக் காட்டுவாள். அவர் எடுத்துத் தந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உறையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பாள். அச்சு மங்கலாக இருந்தால் வேண்டாம். ஓரத்தைப் பிரித்து ஒட்டிய மாதிரிப் பிசுபிசுத்தால் வேண்டாம். கொள்ளளவு பெரிதாகவும் விலை சின்னதாகவும் இருந்தால் கையால் தொடக்கூட மாட்டாள்.

"இவ்வளவு பெரிய வீட்ட இந்த வாடகைக்கு ஏன் விடறான்? உள்ள என்னமோ இருக்கு" என்பாள்.

"ஏம்மா, காய் வாங்கற மாதிரி முத்தலா பிஞ்சான்னு பார்த்துட்டு இருக்கே" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார்.

"காயா இருந்தா வீட்டுக்குப் போய் நறுக்கினதும் தெரிஞ்சிடுமே. இது தெரியாதே" என்பாள் அக்கா. அப்புறம் அவர் கண் முன்னாலேயே உறையைப் பிரிக்கச் சொல்லித் தன் கேமராவில் போட்டுப் பார்த்துவிட்டு, நடுத்தர அளவில் ஒன்றே ஒன்று வாங்குவாள். இரண்டு வேண்டும் என்றால் இன்னொன்றை வேறு கடையில், வேறு கம்பெனியில் வாங்குவாள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு கார்டு ஒரே நாளில் செத்துப்போவதைப் பார்த்தவள் அவள். கால் கடுத்துப்போய் நான் படியில் உட்கார்ந்துவிடுவேன்.

வாங்கினால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார்டுக்குப் பரீட்சை. வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே கேமராவை முக்காலியில் நிறுத்தி, சில நொடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்துவிடுவாள். கார்டு நிரம்பும்வரை எடுக்கும். அப்புறம் முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒவ்வொன்றாகத் திறந்து, முள் எங்காவது தாவுகிறதா என்று பார்ப்பாள். தாவினால் நடுவில் படம் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். தாவாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இரண்டாவது தடவையும் தேறினால்தான் கார்டின் முதுகில் வெள்ளை மையால் ஒரு எண்ணும் தேதியும் எழுதுவாள். மூன்று வருஷம் ஆனதும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுவாள். நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டால், "நல்லா இருக்கும்போதே அனுப்பிடணும்" என்பாள்.

அவள் கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலர். அவர் வேலை முடிந்து படியேறும்போது அவள் வேலைக்குப் படியிறங்குவாள். படிக்கட்டில் ஐந்து நிமிஷம் நின்று குடும்பம் நடத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று அந்த மனிதர் ஒற்றை அறையில் படுத்தால், தலைமாட்டில் கேமரா நாள் முழுக்க டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். "அந்தக் கடிகாரத்த எத்தன தடவதான் பொண்ணு பார்ப்பே? பிடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லித் தொலையேன்" என்று போர்வைக்குள்ளிருந்து சொல்வாராம். அக்காவே சொல்லிச் சிரித்தாள்.

அலுவலகத்தில் அவளுக்கு ரெண்டுதடவை என்று பெயர் வைத்தது நான் இல்லை, ஆனால் நானும் கூப்பிட்டேன். கதவைப் பூட்டினால் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். கையெழுத்தை இரண்டு பிரதியில் போடுவாள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவில் இருந்தாளாம். ஒரு குடும்பத்தைப் படம் எடுத்தாள். மறு வாரம் அந்தக் குடும்பத்து அப்பா இறந்துபோனார். கார்டைத் திறந்தால் ஒன்றும் இல்லை. அந்த மனிதரின் மகள் ஏழு மாதம் கடைக்கு வந்து வந்து, "இன்னொரு தடவ பாருங்கக்கா" என்று கேட்டிருக்கிறாள். பார்க்க அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்தும் அக்கா ஒவ்வொரு தடவையும் கார்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூடிப்போன பள்ளிக்கூடங்களின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்துக்கு மூட்டை மூட்டையாக வரும். எந்தப் பிள்ளை, யார் பெற்றது, என்று பிறந்தது, எந்த வகுப்பில் சேர்ந்தது என்று வரிசையாக எழுதிய பெரிய புத்தகங்கள். நான் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடித் தகட்டை வைத்து அமுக்கி, கையை எடுப்பேன். மேலே தொங்கும் கேமராவை அக்கா அழுத்துவாள். பக்கத்தின் நடுவில் இருக்கிற ஏதாவது ஒரு எண்ணைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைப்பாள். எழுத்து கொஞ்சம் கலங்கினாலும் ஊகித்துப் படித்துவிடலாம், எண்ணை ஊகிக்க முடியாது என்பது அவள் கணக்கு. ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு பக்கம். சாயங்காலம் என் விரல் நுனியில் தோல் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். கைபேசிகளை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சாயங்காலம் வரை வெளியே உலகம் இருக்கிறதா என்பதே தெரியாது.

ஒவ்வொரு பதிவேடு முடிந்ததும் அதன் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கேமராத் திரையில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்போம். தலைவால் பார்ப்பது என்று அதற்குப் பெயர். தெரிந்தால் முடிந்தது என்று முத்திரை குத்திவிடுவோம். மதியம் ஒரு மணிக்கு லாரி வரும். முத்திரை விழுந்த புத்தகங்கள் காகித ஆலைக்குப் போய்க் கூழாகிவிடும். படங்களை மாடியில் இருக்கிற ஒரே கணினியில் ஏற்றுவதோ சாயங்காலம் ஐந்து மணிக்கு. லாரி மறுநாள் வரட்டும், படத்தைக் கண்ணால் பார்த்தபின் காகிதத்தை அனுப்பலாம் என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாள். வைக்க இடமில்லை என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. அதனால் அவள் பரீட்சை வைத்துத் தேறிய மூன்று சின்னக் கார்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் வேலை செய்தாள். ஒன்று போனாலும் மூன்றில் ஒரு பங்குதான் போகும் என்பது அவள் எண்ணம்.

காப்பகத்தில் காலையில் எல்லா அறைகளையும் திறந்து, பெருக்கித் துடைத்து, சாயங்காலம் பூட்டுகிறவளைச் சாவியம்மா என்போம். இடுப்பில் அத்தனை சாவி. அவள் வருவது மூன்று அறை தள்ளியே கேட்கும். வேலைக்குச் சேர்ந்தபோது எழுதப் படிக்கத் தெரியாத அவளுடைய வயதை ஒரு குமாஸ்தா முகத்தைப் பார்த்தே எழுதிவிட்டான். இரண்டு வயது கூட்டிப் போட்டுவிட்டான். முப்பது வருஷம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்போது அந்தக் கணக்குப்படி அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு. ஓய்வு என்றால் வேலையோடு சேர்ந்த குடியிருப்பு அறையையும் காலி செய்ய வேண்டும். காலம் போன காலத்தில் பிறந்த ஒரே மகள் அந்த அறையிலிருந்துதான் நர்ஸ் படிப்புக்குப் போகிறாள். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம்.

"ரெண்டு வருஷம் அதிகமா ஒண்ணும் கேக்கல கண்ணு. எனக்கு உண்டான ரெண்டு வருஷத்தத்தான் கேக்கறேன்" என்பாள்.

மேலே சொன்னார்கள்: பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து முத்திரை போட்ட நகல் கொண்டுவா, மாற்றுகிறோம். அவள் மூன்றாம் வகுப்புவரை பேருக்குப் போய்வந்த பள்ளிக்கூடம் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதன் மூட்டை எங்களிடம் வர வேண்டும். நாலு மாதமாக ஒவ்வொரு காலையும் துடைப்பத்தோடு எங்கள் வாசலில் நின்று, "இன்னிக்கு வந்துதா?" என்பாள். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

எங்கள் மேலாளருக்கு டார்கெட் என்று பெயர். அது நான் வைத்தது. காலை வணக்கம் சொன்னால் பதிலுக்கு இலக்கைச் சொல்லுகிற மனிதர். ஒரு திங்கட்கிழமை ஒரு கார்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். நூற்று இருபத்தெட்டு ஜிபி. ஏதோ தள்ளுபடியில் கிடைத்ததாம், பாதிக்கும் பாதி விலைக்கு.

"இனிமே கார்டு மாத்தறேன்னு கேமராவக் கழட்டிட்டு உக்காராதீங்க. காலைல இத ஒரு தடவ போடுங்க, சாயங்காலம் ஒரு தடவ எடுங்க. உங்க சின்னக் கார்டையெல்லாம் பக்கத்து அறை ஆளுங்களுக்குக் குடுத்துட்டேன்."

அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். "எழுத்து சரியில்ல சார். ஒரு நாள் குடுங்க, நிரப்பிப் பார்த்துடறேன்."

"ஒரு நாளா? ஆயிரத்து ஐந்நூறு பக்கம்மா!"

"அரை நாள்."

"ஏம்மா, புதுக் கார்டு! பிரிக்காத கார்டு! மாப்பிள்ள பார்க்கறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

வேறு நாளாக இருந்தால் அக்கா பதினோரு மணிவரை நின்று சண்டை போட்டிருப்பாள். அவளுடைய சண்டை எனக்குத் தெரியும், சத்தமே இருக்காது, ஆனால் நகர மாட்டாள். அன்றைக்கு அவள் கணவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்துத்தான் வைக்க வேண்டும்.

"விடுங்கக்கா. ஒரு நாள்தானே. நாளைக்கு நம்ம கார்டத் திருப்பி வாங்கிடலாம்" என்றேன்.

"சரி, போடு" என்றாள். அந்தச் சரியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்து மூட்டை வந்தது. இரண்டாவது பதிவேட்டில், பத்து மணி சுமாருக்கு, ஒரு பக்கத்தைப் புரட்டி அமுக்கியவள் அப்படியே நின்றேன். சாவியம்மாவின் பெயர், அவள் அப்பா பெயர், அவள் தெரு. வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். சாவிகள் குலுங்க வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள், என்னமோ படிக்கத் தெரிந்தவள் மாதிரி.

"எங்க இருக்கேன்?"

விரலால் காட்டினேன். பிறந்த தேதியைப் படித்தேன். ஆபீஸ் புத்தகத்தில் வருஷத்தின் கடைசி எண் ஐந்து. இங்கே ஏழு.

"ஏழுதானா? நல்லாப் பாரு கண்ணு."

"ஏழுதாம்மா. கொக்கி மாதிரி இருக்கு பாருங்க."

அவள் அந்த ஏழைத் தொடப் போய், கை ஈரமாக இருக்கும் என்று பயந்து இழுத்துக்கொண்டாள். அழுதாள். சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பேசாம இந்தப் பக்கத்தக் கிழிச்சுக் குடுத்துடலாம்கா. எப்படியும் கூழாப் போறதுதானே" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். "கிழிச்ச காகிதத்த யாரும் எடுத்துக்க மாட்டாங்க. எங்க திருடினேன்னு அவங்களையே கேப்பாங்க. படம் ஏறட்டும், முத்திரையோட நகல் வாங்கிக் குடுக்கலாம். ரெண்டே நாள். பத்திரமா இருக்கும்மா, நீங்க போய் வேலையப் பாருங்க."

அந்த ஏழின் மேல் ஃபோகஸ் வைத்தாள். எடுத்தாள். அவளுக்கே உரிய வழக்கப்படி இன்னொரு தடவையும் எடுத்தாள். அதே கார்டில்.

ஒவ்வொரு பதிவேடும் முடிந்ததும் தலைவால் பார்த்தோம். எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. ஒரு மணிக்குக் காலையில் முடித்த நாலு பதிவேடுகளும் லாரியில் ஏறின. சாயங்காலம் மாடிக்குப் போய்க் கார்டைச் செருகினோம். ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் படம் என்று எண்ணிக்கை காட்டியது. "பார்த்தீங்களா?" என்று டார்கெட் வாயெல்லாம் பல்லாக நின்றார். அக்கா முதல் படத்தைத் திறந்தாள். சாம்பல் நிறம். இரண்டாவது, சாம்பல். நூறாவதைத் திறந்தால், காலையில் எடுத்த பக்கத்தின் எண்ணில் மத்தியானம் எடுத்த வேறு ஒரு பக்கத்தின் கீழ்ப்பாதி இருந்தது.

போலிக் கார்டு. வெளியே நூற்று இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது, உள்ளே எட்டுதான். எட்டு நிரம்பியதும் நிறுத்தவில்லை, முறையிடவில்லை. புதுப் படத்தைப் பழைய படத்தின் மேலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. அப்போதுதான் எடுத்த பதிவேட்டின் தலையும் வாலும் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். முந்தியது போய்க்கொண்டே இருந்தது. நாங்களும் ஒவ்வொரு தடவையும் சற்றுமுன் எடுத்ததை மட்டும் பார்த்து முத்திரை குத்திக்கொண்டே இருந்தோம். காலையில் எடுத்த நாலு பதிவேடு, எண்ணூறு பக்கத்துக்கு மேல், போய்விட்டது. மத்தியானத்தின் மூன்று மட்டும் மிச்சம்.

அக்கா ஆலைக்குத் தொலைபேசி போட்டாள். மூன்று மணிக்கே தொட்டியில் கொட்டிவிட்டார்கள். "அழிச்சத மீட்கலாம்னு சொல்வாங்களேக்கா" என்றேன். "அழிச்சத மீட்கலாம். மேல எழுதினத முடியாது" என்றாள். அப்புறம் சாவியம்மாவின் பக்கத்தைப் படம் எடுத்த எண்ணைத் திறந்தாள். சாம்பல். அடுத்த எண்ணில்தான் அதையே இரண்டாவது தடவை எடுத்திருந்தாள். அதுவும் சாம்பல். கார்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகி, அதே எண்ணை இன்னொரு தடவை திறந்தாள். ஸ்டுடியோவுக்கு ஏழு மாதம் வந்த அந்தப் பெண்ணைத்தான் நினைத்திருப்பாள்.

டார்கெட் ஐந்தே நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். ஒவ்வொரு பதிவேட்டுக்கும் ஒரு குறைச் சீட்டு உண்டு. படம் எடுக்க முடியாத பக்கம் இருந்தால் காரணத்தைக் குறிப்பதற்கு அதில் நாலு கட்டம்: கிழிந்தது, பூச்சி அரித்தது, நனைந்தது, வெற்றுப் பக்கம்.

"நாலு சீட்லயும் பூச்சி அரிச்சதுன்னு போட்டுட்டுப் போங்க. பூச்சி வந்து கேஸ் போடப் போகுதா?"

"பூச்சின்னு போட்டா சாவியம்மா பக்கமே இல்லாமப் போயிடும் சார். அடுத்த மாசம் வெளிய அனுப்பிடுவாங்க."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? உண்மையச் சொன்னா உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும்."

அக்கா சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அளவுகோலைக் கேட்டாள், கொடுத்தேன். நாலு கட்டத்துக்குக் கீழே பேனாவால் நிதானமாக ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள். அதற்குப் பக்கத்தில், "பதிவேடு நன்றாக இருந்தது. படம் எங்களிடம் தொலைந்தது" என்று எழுதி, கட்டத்தில் குறி போட்டாள். நாலு சீட்டிலும் அப்படியே. இரண்டாவது சீட்டில் மட்டும் கூடுதலாக, இன்ன பக்கம், இன்ன பெயர், பிறந்த வருஷத்தின் கடைசி எண் ஏழு, அந்த எண்ணில்தான் ஃபோகஸ் வைத்தேன், ஆகையால் உறுதியாகச் சொல்கிறேன் என்று எழுதினாள். கீழே கையெழுத்து. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி.

"சாவியம்மாவுக்காக அந்த ஒண்ணு போதாதாக்கா? மத்த மூணையுமா?" என்று கேட்டேன்.

"சாவியம்மாவ நமக்குத் தெரியும். மத்தவங்களத் தெரியாதே" என்றாள்.

நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவை நீட்டினேன். வீராப்பாகத்தான் நீட்டினேன். அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ போடாதே. ஒருத்தி வெளிய போனாப் போதும். இங்க கார்டச் சரிபார்க்க ஆள் வேணும்." எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

சாவியம்மாவிடம் அவளேதான் போய்ச் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சாவியம்மா திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். "பத்திரமா இருக்கும்னு சொன்னியே கண்ணு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் பூட்ட வேண்டிய அறைகளைப் பூட்டப் போனாள்.

அந்த மாதக் கடைசியில் அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வெள்ளை மை பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். டார்கெட்டை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் யாருக்கும் அவருக்கு வேறு பெயர் வைக்கத் தோன்றியிருக்காது. ஐந்தாவது கட்டம் போட்ட சீட்டை என்ன செய்வதென்று மேலே யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் காட்ட முடியாது. எனவே விசாரணை வைத்தார்கள். விசாரணை முடியும்வரை சாவியம்மா வேலையில் தொடரலாம் என்று உத்தரவு வந்தது.

முதல் விசாரணையன்று அதிகாரி விடுப்பு. இரண்டாவதில் கோப்பு மேல்மாடியிலிருந்து இறங்கவில்லை. மூன்றாவதில் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன், வாய்விட்டுப் படித்தேன், ஏழுதான் என்று சொன்னேன். ஐந்தும் ஏழும் பழைய கையெழுத்தில் ஒரே மாதிரி இருக்காதா என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு பக்கம் பார்க்கறவ சார் நான்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். நாலாவதில் அதிகாரி மாறிவிட்டார், முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஐந்தாவது ஒத்திவைப்பு. ஆறாவதும் அப்படித்தான். சாவியம்மா ஒவ்வொரு தடவையும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, புடவையை மாற்றிக்கொண்டு பெருக்கினாள். களைத்துப்போய், "சட்டுனு ஒரு முடிவச் சொல்லிடக் கூடாதா?" என்பாள். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கம்மா. அவங்க நல்லா இழுக்கட்டும்" என்பேன்.

இழுத்தார்கள். அப்படி இழுத்ததில் இரண்டு வருஷமும் போயே போய்விட்டது. மகள் படித்து முடித்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள், அங்கேயே தங்க இடமும் கிடைத்தது. பதிவேட்டில் இருந்த அந்த ஏழின் கணக்குப்படி எந்த மாதக் கடைசியில் சாவியம்மா ஓய்வு பெற வேண்டுமோ அதே மாதக் கடைசியில், தானே எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றாள். விசாரணை இன்னும் நடக்கிறது. அடுத்த தேதிக்கான கடிதம் அன்று காலைத் தபாலில்தான் வந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மற்றவர்களும் வருகிறார்கள். அந்த நாலு பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள், இதுவரை பதினேழு பேர். படம் இல்லை என்றதும் முகம் விழும். அலமாரியிலிருந்து அக்காவின் சீட்டை எடுத்து நகல் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பேன். சிலருக்கு அது உதவுகிறது, சிலருக்கு உதவவில்லை. பூச்சி அரித்தது என்று இருந்திருந்தால் ஒருவருக்கும் உதவியிருக்காது.

சாவியம்மாவின் கடைசி நாளன்று அக்கா வந்தாள். இப்போது அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற ஒரு சின்னக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. முழங்கால் வீங்கியிருந்தது, படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் சொந்தக் கேமரா. சாவியம்மாவையும் மகளையும் கீழ்த்தளத்து வாசலில் நிறுத்தினாள். சாவிகளை ஒப்படைத்தாகிவிட்டது. சாவியம்மாவின் கை இடுப்பில் அதைத் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டது.

அக்கா எடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்று சாவியம்மா நகரப் போனாள்.

"நில்லுங்கம்மா" என்றாள் அக்கா. கேமராவின் அடியைத் திறந்து கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பையிலிருந்து வேறொரு கார்டை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதன் முதுகில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போட்டாள். "இன்னொரு தடவ எடுத்துக்கறேன். இந்தக் கார்டுல."

சாவியம்மா திரும்பவும் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

"எத்தன தடவ வேணும்னாலும் எடு கண்ணு. நான் நிக்கறேன்" என்றாள்.